பல்லு பாயின் பாட்டில்

என் கீழ்த்தாடையில் வலது பக்கம் ஒரு குழி இருக்கிறது. அங்கே முன்பு ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. நல்ல பல். கொஞ்சம் சொத்தை, அவ்வளவுதான். அதைப் பிடுங்கியவனின் முகம் எனக்குத் தெரியாது, மாஸ்க் போட்டிருந்தான். ஆனால் பிடுங்கியதும் அவன் செய்தது மறக்கவில்லை. பல்லை என்னிடம் காட்டக்கூட இல்லை. பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒன்று இருந்தது. அதில் டொக்கென்று போட்டான். "நெக்ஸ்ட்" என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இடது பக்கம்தான் மெல்லுகிறேன். வேர்க்கடலை தின்றால் கோபம் வருகிறது. கறி தின்றால் இன்னும் கோபம் வருகிறது. என் பெண்சாதி பங்கஜம், "போன பல்லு போச்சு, இன்னும் இன்னா அதையே நாக்கால தடவிக்கினு?" என்று திட்டுவாள். தடவத்தான் செய்வேன். வயசாகி விழுந்திருந்தால் விட்டிருப்பேன். ஒருவனுடைய கணக்கு ஏறுவதற்காக என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போன பல் அது.

அந்த நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்திருக்க வேண்டிய டாக்டர் வேறு ஒருவர். மகளுடைய நிக்காஹுக்காக லீவு போட்டிருந்தார். அவர் இருந்திருந்தால் என் பல் இருந்திருக்கும். இது அந்த மனுஷனைப் பற்றியது.

அவர் பெயர் வலியுல்லா. ராஜா அண்ணாமலைபுரத்தில், ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் இலவசப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வெயிட்டிங் ஹால், ஒரு ரூம், ஒரு நாற்காலி. பின்னால் ஒரு முருங்கை மரம். வருகிறவர்கள் வீட்டு வேலை செய்கிற பொம்பளைகள், வாட்ச்மேன்கள், டிரைவர்கள், மீன் விற்கிறவர்கள். யாரும் அவரை டாக்டர் வலியுல்லா என்று சொன்னதில்லை. "பல்லு பாய் கீறாரா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவரும் உள்ளே இருந்து, "கீறாரு, வா" என்பார்.

நான் நாற்காலி மெக்கானிக். ஆறாவதோடு படிப்பை விட்டு, சலூன் நாற்காலி ரிப்பேரில் ஆரம்பித்து, பல் டாக்டர் நாற்காலிக்கு வந்தேன். மந்தைவெளியில் ஒரு சின்னக் கடை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே நாற்காலி மக்கர் செய்தாலும் தணிகாசலத்தைக் கூப்பிடு என்பார்கள். அப்படித்தான் பாயைத் தெரியும். அவருடைய நாற்காலி அரதப் பழசு. மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏறாது, இல்லை இறங்காது. நான் கீழே படுத்துக்கொண்டு போல்ட்டை முறுக்குவேன். அவர் மேலே ஆள் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி அவர் காலடியில் படுத்துக் கேட்டதுதான் நான் சொல்லப் போவதில் முக்கால்வாசி.

ஆள் குட்டை, குண்டு. விரல்கள் வாழைப்பழம் மாதிரி. இந்த விரல் வாய்க்குள் எப்படிப் போகும் என்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். போனதே தெரியாது. வெள்ளைக் கோட்டு போட மாட்டார். அவருடைய அப்பா கச்சேரி ரோட்டுப் பக்கம் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்த தையல்காரர். "எங்க வீட்ல கோட்டு ஊரானுக்குத் தைக்கிறதுக்குத்தான் மியான், போட்டுக்கிறதுக்கு இல்ல" என்பார். தையல்காரர் மகனுக்கு அரசாங்கக் கல்லூரியில் சீட்டு கிடைத்தது. செலவில்லாமல் படித்தார். படித்த கையோடு தனியாக கிளினிக் போடச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. "இவங்க காசுல படிச்சேன், இவங்க வாயைத்தான் பார்ப்பேன்" என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பல்லைப் பிடுங்குவது அவருக்குப் பிடிக்காது. வருகிறவன் முதலிலேயே சொல்லுவான்: "பிடுங்கிடு பாய், நோவு தாங்கல." அவர் கண்ணாடிக் குச்சியின் பின்பக்கத்தால் பல்லை மெல்லத் தட்டுவார். "வலிக்குதா? இங்க? இங்க?" அப்புறம், "வூட்டுக் கூரை ஒழுகுதுன்னா வூட்டையே இடிச்சிடுவியா? அடைச்சித் தரேன், உக்காரு" என்பார். வேர் வரைக்கும் சீழ் போயிருந்தால் ரூட் கேனால். ஊசி மாதிரி சின்னச் சின்ன அரம் வைத்து வேருக்குள் இருப்பதை ராவி எடுக்க வேண்டும். நாலைந்து தடவை வரச் சொல்லுவார். வராதவனுக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிடுங்குவார். பிடுங்கியதும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பல்லை அலம்பி, பஞ்சில் சுற்றி, ஆளின் கையில் கொடுப்பார். "இது உன்னோடது. எடுத்துக்கினு போ." அவர்கள் ஆட்களில் பல், முடி, நகம் எல்லாம் மண்ணில் புதைப்பது வழக்கமாம், குப்பையில் போட மாட்டார்களாம். ஆனால் அவர் எல்லாருக்கும்தான் கொடுத்தார். பட்டினப்பாக்கத்துக் கிழவி ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்த் துளசித் தொட்டியில் போட்டாளாம். இன்னொருத்தன் சட்டைப் பையில் வைத்து மறந்து, பெண்சாதி துணி துவைக்கும்போது கத்தினாளாம். அதைக் கேட்டுப் பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "கையில கொடுத்தாத்தான் மெக்கானிக்கு, எனக்கும் கூசும். ஏன்டா இதைக் காப்பாத்தலன்னு அது என்னைப் பார்க்கும்."

இப்படி நடந்துகொண்டிருந்ததில்தான் அந்த ஒப்பந்தம் வந்து விழுந்தது.

அதுவரைக்கும் டாக்டருக்கு மாசச் சம்பளம். யார் வந்தாலும் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் பார்க்கலாம். திடீரென்று ஆஸ்பத்திரியை நடத்துகிற வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். பணம் அரசாங்கத்தோடதுதான், நடத்துவது மட்டும் கம்பெனி. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், வாங்கிப் படிக்க எனக்குத் தெம்பில்லை. கம்பெனி சார்பில் அஸ்வின் என்று ஒரு பையன் வந்தான். நல்ல உயரம், நல்ல சட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். மரியாதையான பையன். அதுதான் எனக்கு ஆத்திரம். மரியாதை இல்லாதவனாக இருந்தால் அன்றைக்கே ஸ்பானரால் ஒன்று போட்டிருப்பேன்.

"சார், இனிமே ஔட்புட் பேஸ்டு சார்" என்றான்.

"தமிழ்ல சொல்லு தம்பி. கீழே மெக்கானிக்கு வேற படுத்துக்கினு கீறாரு."

"அதாவது முடிஞ்ச வேலைக்குத்தான் சார் பேமென்ட்."

"பல்லு வேலை முடியறதுன்னா இன்னாப்பா? ஆளு செத்தாத்தான் முடியும்."

பையன் சிரித்தான். சிரித்துவிட்டு விளக்கினான். ஒரு பல் பிடுங்கினால் ஒரு கேஸ். ஒரு ரூட் கேனால் முழுசாக முடிந்தாலும் அதே ஒரு கேஸ்தான். பிடுங்குவது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ரூட் கேனாலுக்கு அதே ஆள் நாலைந்து தடவை வர வேண்டும், நடுவில் ஒரு தடவை வராமல் போனால் அத்தனையும் வீண். ஆறாவது படித்த எனக்கே நாற்காலிக்கு அடியில் படுத்தபடி புரிந்துவிட்டது இது எங்கே போய் நிற்கும் என்று.

கொஞ்ச நாளில் இன்னொரு உத்தரவு. வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிடுங்காத பல்லைப் பிடுங்கியதாக எழுதிவிட்டாராம். அதனால் இனிமேல் எல்லா டாக்டரும் பிடுங்கின பல்லை மருந்துத் தண்ணி ஊற்றிய பாட்டிலில் போட்டு வைக்க வேண்டும். மாசக் கடைசியில் அஸ்வின் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போவான். பல்தான் அத்தாட்சி.

பாய் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. பிடுங்கின பல்லுக்கு அத்தாட்சி இது. நான் காப்பாத்தின பல்லுக்கு?"

"அது பேஷண்ட் வாயிலயே இருக்குமே சார்."

"அதைத்தான் கேக்கறேன். வாயில இருக்கிறதை எப்படி பாட்டில்ல போடறது?"

"அதுக்கு இன்னும் சிஸ்டம்ல ஆப்ஷன் வரல சார். ஃபீட்பேக்ல போட்டிருக்கோம்."

அந்த ஆப்ஷன் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

மற்ற ஆஸ்பத்திரிகளிலும் நான்தான் நாற்காலி பார்த்தேன். அதனால் தெரியும். ஒருத்தர் வேலையை விட்டு துபாய் போனார். ஒருத்தர் தன் மாமனார் கிளினிக்கில் போய் உட்கார்ந்தார். மீதிப் பேர் பிடுங்க ஆரம்பித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடுங்கினார்கள். அப்புறம் சாதாரணமாகப் பிடுங்கினார்கள். பாய் லீவில் போன அந்த நாளில் வந்து என் பல்லை எடுத்தானே, அவனும் அதில் ஒருத்தன். லீவு முடிந்து வந்த பாய் பாட்டிலில் இருந்த என் பல்லைச் சிமிட்டா இடுக்கியால் எடுத்துப் பார்த்தார். "இதுக்கு இன்னாய்யா கொறைச்சல்?" என்றார்.

பாய் மாறவில்லை. பிடுங்கின பல்லைப் பஞ்சில் சுற்றி ஆள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். அதனால் அந்த லீவு நாளைத் தவிர அவருடைய பாட்டில் காலியாகவே இருந்தது. மருந்துத் தண்ணி மட்டும் பளபளவென்று இருக்கும். அஸ்வின் வந்து பார்ப்பான், டேப்பில் எதையோ தட்டுவான், "கொஞ்சம் பாருங்க சார்" என்பான். சம்பளம் சுருங்கியது. எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். எச்சரிக்கை என்று ஒன்று வந்தது. அப்புறம் கடைசி எச்சரிக்கை என்று ஒன்று வந்தது.

இந்த இடத்தில் தேவானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவானை அங்கே ஆயா. பெருக்குவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, வரிசையில் சண்டை போடுகிறவர்களைச் சண்டை போட்டு அடக்குவது எல்லாம் அவள்தான். நாக்கு அப்படி. ஆனால் பாய்க்கு ஒன்று என்றால் உயிரை விடுவாள். கடைசி எச்சரிக்கை வந்த பிறகு அவளுடைய நாக்கே அடங்கிப்போயிருந்தது. அடுத்த மாசம் அஸ்வின் வந்தபோது பாட்டிலில் பல் இருந்தது. அதற்கு அடுத்த மாசம் கழுத்து வரைக்கும் இருந்தது.

பாய் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பாட்டில் இருக்கும் பக்கமே அவர் பார்ப்பதில்லை. அஸ்வின் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "சூப்பர் சார், சிட்டியிலேயே உங்க சென்டர்தான் சார்" என்று கையைக் குலுக்கியபோதுகூட, பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று நினைத்து, "முபாரக், முபாரக்" என்றாராம்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயஸ்ரீ வந்துகொண்டிருந்தாள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு பெண். தி.நகரில் ஒரு புடவைக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறாள். பஸ் சடன் பிரேக் அடித்ததில் முன்பல் கம்பியில் இடித்து, பல் கறுத்துப்போய், மேலே ஈறில் கொப்புளம் கட்டியிருந்தது. கடை சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம்: "முன்னாடி நிக்கிறவளுக்குப் பல்லு நல்லா இருக்கணும்மா. சரி பண்ணிக்கினு வா, இல்லன்னா குடோன்ல மடிக்கிற வேலைக்குப் போ." குடோன் என்றால் சம்பளம் குறைவு, காற்று இல்லை, ஒரு தடவை போனால் திரும்ப மேலே வர முடியாது. இவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்த பையனின் அம்மா வேறு வாயைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி பேசினாளாம். அந்த ஒரு பல்லில் இத்தனை தொங்கிக்கொண்டிருந்தது.

பாய் ரூட் கேனால் ஆரம்பித்திருந்தார். பாதி முடிந்திருந்தது. அப்போது கம்பெனியிலிருந்து சாமான் வந்தது. கையுறை, பஞ்சு, மரத்துப்போகிற ஊசி, புதுக் குறடு. அரம் மட்டும் இல்லை. பாய் அஸ்வினுக்குப் போன் போட்டார். நான் பெடலைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"அது சார், உங்க சென்டர்ல எக்ஸ்ட்ராக்ஷன் நல்லா போய்க்கிட்டிருக்குல்ல? அதைப் பார்த்துட்டு மேல டிசைட் பண்ணிட்டாங்க. ரூட் கேனால் இல்லாமலேயே மேனேஜ் பண்ண முடியுதுன்னு நீங்கதான் சார் ப்ரூவ் பண்ணீங்க. எல்லா சென்டருக்கும் நிறுத்தியாச்சு."

"நான் இன்னா ப்ரூவ் பண்ணேன்?"

"பாட்டில் சார்."

பாய் போனை வைத்துவிட்டு அலமாரி மேலிருந்த பாட்டிலை எடுத்து வந்து விளக்குக்குக் கீழே வைத்தார். மூடியைத் திறந்தார். சிமிட்டாவை விட்டு ஒரு பல்லை எடுத்தார். அதன் தலையில் பால் வெள்ளையில், காசு கொடுத்து மாட்டுகிற ஒரு கேப் போட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதற்கும் கேப். மூன்றாவது எடுத்தது தங்கம்.

"தேவானை."

"சார்?"

"நம்ம கிட்ட வர்ற மீன்காரங்கள்ல எவன் தங்கப் பல்லு வெச்சிக்கினு வந்தான்?"

தேவானை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"கேக்கறேன்ல?"

"என் தங்கச்சி தி.நகர்ல பெரிய கிளினிக்குல பெருக்கறா சார். அங்க வீணாக் கொட்டறதுதான். கவர்ல போட்டுக் கொடுத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பணக்காரன் பல்லெல்லாம் இலவச ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறியிருக்கிறது, அதை எண்ணின கம்பெனிக்காரனுக்குத் தங்கத்துக்கும் சொத்தைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாய் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஊரான் பல்லை எடுத்துக்கினு வந்து எனக்குப் பொழப்பு காட்டறியா நீ?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க சார்?" தேவானை வெடித்தாள். "நீங்க பாட்டுக்கு ஒவ்வொருத்தன் கையிலயும் பல்லைக் கொடுத்து அனுப்பிக்கினே இருந்தீங்க. அவன் உங்க நல்ல மனசையா வந்து எண்ணுவான்? பாட்டிலத்தான் எண்ணுவான். உங்கள அனுப்பிட்டானுங்கன்னா இங்க எவன் வருவான்? தோ, இந்த மெக்கானிக்கு பல்லைப் பிடுங்கினான் பாருங்க, அவனை மாதிரிதான் வருவான். எனக்குத் தெரிஞ்சது இதான் சார். போய் அஸ்வின் கிட்ட சொல்லுங்க. என்னைத் தொரத்துவான். சொல்லுங்க."

பாய் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? உண்மையைச் சொன்னால் தேவானைக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் சென்னை முழுக்க எந்த இலவச ஆஸ்பத்திரியிலும் ஒரு பல்லைக் காப்பாற்ற அரம் இருக்காது. தேவானை செய்தது பாசத்தில் செய்தது. அந்தப் பாசத்தையும் எடுத்து ஒப்பந்தம் தனக்குச் சாதகமாகப் போட்டுக்கொண்டது. எந்தப் பக்கம் போனாலும் பிடிக்கிற மாதிரி வலை விரித்தவன் எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எந்தப் பல்லும் வலித்திருக்காது.

ஜெயஸ்ரீயின் பல்லை மட்டும் பாய் விடவில்லை. அரத்தைத் தன் கைக்காசில் வாங்கி வந்து வேலையை முடித்தார். மேலே ஒரு கேப்பும் போட்டார். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவருடைய கையில் எப்போதும் கட்டியிருந்த கைக்கடிகாரம் அன்றைக்கு இல்லை.

கடைசி சிட்டிங் முடிந்து அவள் எழுந்திருக்கவும் அஸ்வின் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாசம் அது.

"நல்ல நேரத்துல வந்தே" என்றார் பாய். "அம்மா, இந்தத் தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரி."

"அய்ய, போங்க டாக்டர்."

"சிரிம்மா. உன் கவுன்ட்டருக்கு வந்த கஸ்டமர்னு நெனச்சிக்கோ."

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அந்தப் பல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "வர்ற மாசம் நிச்சயம், டாக்டர். வந்துரணும்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

"இதான் தம்பி என் கணக்கு. எழுதிக்கோ."

அஸ்வின் உண்மையிலேயே சங்கடப்பட்டான். "எனக்குப் புரியுது சார். ஆனா சிஸ்டம்ல இதுக்கு இன்னும் ஆப்ஷன் இல்ல சார். உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினையும் இல்ல. போன ரெண்டு மாசம் பிரமாதம். இந்த மாசப் பாட்டிலும் அப்படியே வந்துட்டா கையெழுத்துகூட வேணாம், உங்க கான்ட்ராக்ட் தானா நீண்டுரும். நாளைக்கு வந்து எண்ணிக்கிறேன்."

"பாட்டில் ரொம்பாம இருந்தா?"

"வேற டாக்டர் ரெடியா இருக்காரு சார். நான் சொல்லித்தான் வெச்சிருக்கேன், நம்ம சார் இருப்பாருன்னு."

அவன் போனதும் தேவானை அலமாரியைப் பார்த்தாள். பாட்டில் நிறைந்துதான் இருந்தது. தங்கச்சி கொடுத்த மூணாவது கவரை அவள் ஏற்கெனவே கொட்டிவிட்டிருந்தாள். அதற்கப்புறம் பாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ வாங்குகிற சாக்கில் வெளியே போனாள்.

பாய் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அடையாறில் கண்ணாடிக் கட்டிடத்தில் ஒரு கிளினிக்கில் இருக்கிறார். அங்கே நாற்காலியை விற்ற கம்பெனிக்காரனே வந்து பார்த்துக்கொள்கிறான், என்னைக் கூப்பிட மாட்டார்கள். பணம் இருக்கிறவர்கள் பல்லை அங்கே அவர் நாள் பூராவும் காப்பாற்றுகிறார். ஒரு தடவை ரோட்டில் அந்தப் பக்கம் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருக்கிறான். சுறுசுறுப்பு. பாட்டில் மாசம் முடிவதற்குள் நிறைந்துவிடுகிறது, இரண்டாவது பாட்டில் வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் போகிறான், வாயைப் பொத்திக்கொண்டு வருகிறான். மீன்காரி போகிறாள், வாயைப் பொத்திக்கொண்டு வருகிறாள். கையில் பஞ்சு இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு நான் இன்னும் அந்த நாற்காலிக்கு அடியில் படுத்து போல்ட்டை முறுக்குகிறேன்.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் அன்றைக்கு, தேவானை டீக்குப் போனதும், நான் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், பேசாம இருந்துடுங்க. பாட்டில் ரொம்பிதான் கீது. அவன் எண்ணிக்கினு போவட்டும். நீங்க உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்து ஜனங்களைப் பாருங்க. முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துங்க. அரத்துக்கு நானும் காசு போடறேன், எங்க தெருவுல கேட்டா கொடுப்பாங்க. நீங்க போய்ட்டா வர்றவன் எல்லாரையும் பிடுங்குவான் சார்."

"நான் உக்காந்தா நானும் பிடுங்குவேன், மெக்கானிக்கு."

"நீங்களா? யாருகிட்ட கதை வுடறீங்க!"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னுடைய கையைத் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் ஒரு அம்மா வந்துச்சு. கோயில் தெப்பக்குளத்தண்ட பூ கட்டுறவங்க. வாயைத் தொறந்தாங்க. கடைவாய்ல ஒரு சொத்தை. உன்னோடது மாதிரியே. அடைச்சிருக்கலாம். என் கை நேரா குறடுக்குப் போச்சு. தட்டிப் பார்க்கல, கேக்கல. கையில குறட்டை எடுத்தப்புறம்தான் நான் இன்னா பண்றேன்னே எனக்குத் தெரிஞ்சுது. வெச்சிட்டேன். அடைச்சித்தான் அனுப்பினேன். ஆனா கை போச்சுல்ல? இத்தனை வருஷத்துல போகாத கை."

"ஒரு தடவைதானே சார்?"

"அது இன்னா ஒரு தடவை? வரிசையில அம்பது பேர் நிக்கிறான், அரம் கெடையாது, பாட்டில் ரொம்பணும். எனக்கு மட்டும் கை இரும்பா? மத்தவங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சானுங்க. அவனுங்கள நான் எவ்ளோ திட்டியிருக்கேன்."

"அப்போ அந்த அம்மா மாதிரி வர்றவங்களுக்கு இன்னா வழி? அடையாறு போயா வாயைக் காட்டுவாங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க நல்ல கையோட போய்டுவீங்க. ஜனங்க பொக்கை வாயோட நிக்கட்டும். அப்படித்தானே?"

"திட்டு" என்றார். "திட்டறதுக்கு உனக்குப் பாத்தியதை உண்டு. ஆனா இதைக் கேளு. இந்தப் பாட்டிலைக் காட்டி நான் இங்க உக்காந்தா, பல்லு பாயே இப்படித்தான் பண்ணான், அதனால எல்லாரும் பண்ணலாம்னு ஊர் பூரா சொல்லுவானுங்க. ஏற்கெனவே என் பேரைச் சொல்லித்தான் அரத்தை நிறுத்தினானுங்க. இன்னும் எதுக்கெல்லாம் என் பேரு வேணும் அவனுங்களுக்கு?"

இன்றைக்கும் அவர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. தப்பு என்று சொல்ல வாய் வருகிறது, அப்புறம் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாரே, அது ஞாபகம் வந்துவிடுகிறது.

வெளியே தேவானை டீக்கடைக்காரனோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டது. பாய் எழுந்து பாட்டிலை இறக்கி இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். உள்ளே பற்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"கடைசியா ஒரு வேலை, மெக்கானிக்கு. பின்னாடி முருங்கை மரத்தண்ட குழி தோண்டி இதெல்லாத்தையும் புதைச்சிடு. கொட்டிடாதே, புதை. யாரோட வாயிலயோ இருந்தது. தேவானைக்குத் தெரிய வேணாம், கேட்டா நான்தான் பண்ணேன்னு சொல்லு. அப்புறம் பாட்டிலை நல்லா கழுவி, தொடைச்சி, நாளைக்கு அஸ்வின் வந்தா அவன் கையில கொடு. பல்லு பாயோட இந்த மாசக் கணக்கு இதான்னு சொல்லு."